கோப்பிக்குள் உப்புப் போட்டால் என்ன?

"கோப்பிக்குள்ள உப்புப் போடுறனீங்களோ? விசரே?" என்று கேட்காத ஆளை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. சீனி போடலாம், பால் விடலாம், கறுவாப்பட்டை தட்டிப் போடலாம், உப்பு மட்டும் கூடாது. ஏன் கூடாது என்று திருப்பிக் கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. "கோப்பி கோப்பியா இருக்கோணும்" என்பதுதான் கடைசியில் வந்து நிற்கிற வசனம்.

எங்கட நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலிவான தூளில் ஊத்தின கோப்பியைக் குடிக்கத்தக்கதாக்க, குசினியில் கிடக்கிற சாமானைப் போடுவது ரசனைக்குறைவு இல்லை. அது ஒரு அறிவு. எங்கட வீடுகளில் ஏற்கெனவே இருந்த அறிவும்கூட. ஆனால் அறிவு என்று சொன்னால், எதைப் போட்டால் எது குறையும் என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் இப்போது குழப்பம்.

குழப்பம் இரண்டு பக்கமிருந்து வருகிறது. ஒரு பக்கம், முப்பது செக்கன் வீடியோக்கள். "ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள், கோப்பியின் அமிலம் காணாமல் போய்விடும், நெஞ்செரிவும் வராது" என்கிறார்கள். இதில் உண்மை பாதிகூட இல்லை. மற்றப் பக்கம், அண்மைக்காலமாகக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் முளைத்திருக்கிற கோப்பிக் கடைகளின் பாஷை. நல்ல கோப்பிக்குள் ஒன்றும் போடக்கூடாது, போட்டுக் குடிப்பவனுக்கு நாக்கு இல்லை என்பது அந்தப் பாஷையின் சாரம். எங்கட பட்ச்சில் ஒருத்தன் அப்பிடியொரு கடையில் சீனி கேட்டபோது, பரிமாறியவர் பார்த்த பார்வையை இன்றைக்கும் நடித்துக் காட்டுவான். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவன் சீனி கேட்டதில்லை.

முதலில் சுவையைப் பிரித்துக்கொள்வோம். எங்கட வீடுகளில் பிடிக்காத கோப்பி எல்லாமே "கசக்குது" தான். உண்மையில் அங்கே இரண்டு வேறு சுவைகள் கிடக்கின்றன. ஒன்று புளிப்பு, தேசிக்காய் மாதிரி வாயைச் சுருக்குவது. மற்றது கசப்பு, பாவக்காய் மாதிரி குடித்த பிறகும் தொண்டையில் தங்குவது. கோப்பியின் பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 5. அதாவது மென்மையான ஒரு அமிலம். சிற்றிக், மலிக், குளோரோஜெனிக் என்று பல அமிலங்கள் அதற்குள் இருக்கின்றன. கொட்டையைக் கொஞ்சமாக வறுத்தால் இந்தப் புளிப்பு முன்னுக்கு நிற்கும். வறுக்க வறுக்கக் குளோரோஜெனிக் அமிலங்கள் உடைந்து கசப்பான லக்டோன்களாக மாறும். இன்னும் கருகவிட்டால் அவையும் உடைந்து இன்னும் முரட்டுக் கசப்புள்ள பினைல்இன்டேன்கள் வரும். கஃபீனும் கசப்புத்தான், ஆனால் கோப்பியின் கசப்பில் அதன் பங்கு சிறிது. கஃபீன் எடுத்த கோப்பியும் கசக்கிறதே!

ஆகவே இளம் வறுவல் புளிக்கும், கருகல் வறுவல் கசக்கும். எங்கட கடைகளில் கிடைக்கிற சாதாரணத் தூள் அநேகமாகக் கருகல் பக்கம்தான். அதனால் எங்களுக்குப் பெரும்பாலும் தேவை புளிப்புக்கு மருந்தில்லை, கசப்புக்குத்தான்.

இனி உப்பு. உப்பு அமிலத்தை ஒன்றும் செய்யாது. பீஎச் மாறாது. அது வேலை செய்வது கோப்பைக்குள் இல்லை, நாக்கில். 1997 இல் நேச்சர் சஞ்சிகையில் போல் பிரெஸ்லின், கேரி போஷாம்ப் என்ற இருவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மொனெல் நிலையத்தில் சுவை, மணம் பற்றி ஆராய்கிறவர்கள். கசப்புக்கு யூரியா, இனிப்புக்குச் சீனி, சோடியத்துக்கு சோடியம் அசற்றேற்று (சாதாரண உப்பைவிட இதில் உப்புச்சுவை குறைவு) என்று கலந்து ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சோடியம் சேர்ந்ததும் கசப்பு அடங்கியது. கசப்பு அடங்கியதால், அதுவரை கீழே அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வந்தது. சீனியைக் கூட்டாமலே இனிப்புக் கூடிய மாதிரித் தெரிந்தது. உப்புப் போட்ட கோப்பி உப்புக் கரிக்காமல், கொஞ்சம் வட்டமாக, கொஞ்சம் இனிப்பாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

அளவுதான் முக்கியம். சிட்டிகை என்று சொன்னால் ஒவ்வொருத்தருடைய விரலும் ஒவ்வொரு அளவு. எங்களுக்குச் சரிவந்த வழி இது: ஒரு தேக்கரண்டி உப்பை 100 மில்லிலீற்றர் தண்ணியில் கரைத்துச் சின்னப் போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைக்கு அதில் கால் தேக்கரண்டி விட்டால் போதும். உப்பு என்று நாக்குக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் கூடிப்போச்சு.

இதை நாங்கள் வாசித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் நாலு பேர் சேர்ந்து ஒரே சட்டியில், ஒரே கடைத் தூளில் கோப்பி ஊத்தி, ஆறு கோப்பைகளில் பிரித்து, அடியில் பிளாஸ்ரர் ஒட்டி இலக்கம் போட்டு, எது எதுவென்று தெரியாமல் குடித்துப் பார்த்தோம். ஒன்று வெறும் கோப்பி. மற்றவற்றில் உப்புத்தண்ணி, அரிசியளவு அப்பச்சோடா, கால் தேக்கரண்டி அப்பச்சோடா, கழுவி அவித்து நொறுக்கிய முட்டைக்கோது, கறுவாத்தூள். சீனி எதிலும் இல்லை. நாலில் மூன்று பேர் கசப்புக் குறைவு என்று தொட்டது உப்புக் கோப்பையை. கறுவாக் கோப்பையில் சீனி இருக்கு என்று இரண்டு பேர் சத்தியம் பண்ணினார்கள். முட்டைக்கோதுக்கும் வெறும் கோப்பிக்கும் ஒருவராலும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. கால் தேக்கரண்டி சோடாக் கோப்பையை இரண்டாம் மிடறு குடிக்க ஆள் இல்லை; "சவுக்காரத் தண்ணி மச்சான்" என்று ஒருத்தன் எழும்பிப்போய் வாய் கொப்பளித்தான். இது ஆராய்ச்சி இல்லை, பொழுதுபோக்கு. ஆனாலும் ஒவ்வொன்றும் ஏன் அப்பிடி நடந்தது என்பதற்குக் காரணம் இருக்கு.

அப்பச்சோடா என்பது சோடியம் இருகாபனேற்று. அது உண்மையிலேயே அமிலத்தோடு தாக்கம் புரிந்து, காபனீரொட்சைட்டைக் குமிழாக வெளியேற்றி, புளிப்பைக் குறைக்கும். ஓ/எல் விஞ்ஞானத்தில் படித்ததுதான். புளிக்கிற கோப்பிக்கு அது சரியான மருந்து. ஆனால் ஒரு கோப்பைக்கு அரிசியளவுக்கு மேல் போகக்கூடாது. கூடினால் கோப்பி காரத்தன்மைப் பக்கம் போய், சப்பென்று சவுக்காரம் மாதிரி ஆகிவிடும். கசக்கிற கோப்பிக்கு சோடா போடுவதில் அர்த்தம் குறைவு. அமிலத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்கிற கசப்பு இன்னும் துலக்கமாகத் தெரியவும்கூடும். முட்டைக்கோது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அதுவும் அமிலத்தோடு சேரும், ஆனால் கரைவது மிக மெதுவாக. ஐந்து நிமிசம் ஊறவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஆச்சரியமில்லை. அவிக்காத கோதைப் போடுவதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம், சல்மொனெல்லா பகிடி இல்லை. கறுவா, ஏலக்காய் எல்லாம் அமிலத்தையும் தொடாது, கசப்பையும் தொடாது. இனிப்புப் பண்டங்களோடு சேர்த்தே பழகிய மணம் என்பதால், மணத்தை முகர்ந்த மூளை இனிப்பை எதிர்பார்க்கிறது. மூக்கு நாக்கை ஏய்க்கிறது, அவ்வளவுதான். அதில் ஒரு பிழையும் இல்லை.

பாலைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. எல்லாரும் போடுகிற, ஒருவரும் 'கலப்படம்' என்று சொல்லாத பொருள் அதுதான். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கோப்பியின் பொலிபீனோல்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கசப்பும் துவர்ப்பும் மழுங்கும். பாலின் பீஎச் 6.7 அளவில் என்பதால் புளிப்பும் கொஞ்சம் இறங்கும். உப்பும் சோடாவும் தனித்தனியாகச் செய்கிற இரண்டு வேலையையும் பால் ஒன்றாகவே செய்கிறது. ஆனால் 2022 இல் பால்மா வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், பால் என்பது எப்போதும் கையில் இருக்கிற சாமான் இல்லை என்று. அந்த வருசம் எத்தனையோ வீடுகளில் பால்கோப்பி வெறுங்கோப்பியாக மாறியது. பிறகு பால்மா கடைக்குத் திரும்பி வந்தது, ஆனால் பழைய விலை வரவில்லை. கனபேர் வெறுங்கோப்பியோடேயே நின்றுவிட்டார்கள். பால் விட்டு மறைத்த கசப்பு அப்பதான் வாய்க்கு நேரே வந்தது. "சீனி, பால் இல்லாமல் கறுப்பாகக் குடிக்கிறதுதான் உண்மையான ரசனை" என்று ஒரு மேசையில் சொல்கிறார்கள். இன்னொரு மேசையில் அது ரசனை இல்லை, மாதக் கணக்கு.

இனி எங்கட சொந்தக் கதைக்கு வருவோம், மல்லிக்கோப்பிக்கு.

யாழ்ப்பாணத்து வீடுகளில் கோப்பித்தூள் என்றால் அதற்குள் கொத்தமல்லி இருக்கும். கூடவே சுக்கு, சில வீடுகளில் மிளகு, சீரகம். கொட்டையைத் தாச்சியில் வறுத்து, மல்லியை வேறாக வறுத்து, உரலில் போட்டு இடித்து, அரித்து, போத்தலில் அடைத்து வைப்பார்கள். ஒரு பங்கு கோப்பிக்கு அரைப்பங்கு மல்லி போடுகிற வீடும் இருந்தது, மல்லி கூடின வீடும் இருந்தது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா இன்றைக்கும் கடைத் தூள் வாங்கினால் மல்லியும் சுக்கும் வறுத்து அரைத்துக் கலந்துதான் போத்தலில் போடுவா. ஏன் அம்மம்மா என்று கேட்டதற்கு, "வெறும் கோப்பியை மனுசர் குடிப்பினமே பிள்ளை, நெஞ்சைப் பிடிக்கும்" என்றா.

இதை மருந்து என்றும் பழைய ஆட்களின் பழக்கம் என்றும் ஒதுக்கிவிடுவது இலேசு. ஆனால் சுவைக் கணக்காகப் பாருங்கள். தூளின் மூன்றிலொரு பங்கு மல்லி என்றால், அந்தக் கோப்பையில் கஃபீன், அமிலம், கசப்பு எல்லாமே மூன்றிலொன்று குறைவு. குறைந்த இடத்தை மல்லியின் மணம் நிரப்புகிறது. மல்லிக்கு அந்த மணத்தைக் கொடுக்கிற முக்கிய பொருள் லினலூல், பூக்களிலும் இருப்பது. வறுத்த மல்லியில் தேசிக்காய்த் தோலும் வறுத்த கச்சானும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம் வரும். சுக்கு செய்கிற வேலை வேறு. காரம் என்பது உண்மையில் சுவை இல்லை, எரிவு. அது கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பின்னால் வருகிற கசப்பு அவ்வளவாக உறைக்காது. இதோடு பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்பது சேர்ந்தால் நாலு வழியால் கசப்பைச் சமாளித்தாயிற்று: அளவைக் குறைத்து, மணத்தால் மூடி, காரத்தால் திசைதிருப்பி, இனிப்பால் அடக்கி. மொனெல் நிலையம் இல்லாமல் கண்டுபிடித்தது.

இவ்வளவு கசப்பு எங்கட கோப்பிக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2023 இல் மலையக மக்களின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த 200 வருடம் தேயிலையில் தொடங்கவில்லை, கோப்பியில் தொடங்கியது. 1820களில் கண்டிப் பக்கம் திறந்த கோப்பித் தோட்டங்களுக்காகத்தான் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் அந்தக் காட்டுப்பாதையால் கொண்டுவரப்பட்டார்கள். உலகின் பெரிய கோப்பி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. தோட்டங்களில் நின்றது அரபிக்கா. 1869 இல் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம், இலைத்துரு நோய், வந்தது. இருபது வருசத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்துவிட்டது. துருவுக்கு நின்றுபிடிக்கிற இனம் ரொபஸ்ரா. இன்றைக்கு எங்கட நாட்டு வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடியோடும் பலாவோடும் நிற்கிற கோப்பியில் பெருமளவு அதுதான். ரொபஸ்ராவில் கஃபீன் அரபிக்காவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. குளோரோஜெனிக் அமிலமும் கூட, அதனால் வறுத்தால் கசப்பும் கூட. தோட்டத்தில் நோய்க்கு நின்றுபிடிக்கிற கொட்டை கோப்பையில் முரடாக இருக்கும். அந்தக் கொட்டைக்கு மல்லி ஒரு நியாயமான பதில்.

மற்ற நாடுகளும் இதையேதான் செய்திருக்கின்றன. ரொபஸ்ரா விளைச்சலில் உலகில் முதலிடம் வியட்நாமுக்கு. அங்கே ஹுவே நகரத்தின் உப்புக் கோப்பி இப்போது நாடு முழுக்கப் பிரபலம். கோப்பி பிறந்த எத்தியோப்பியாவிலேயே சீனிக்குப் பதில் உப்பும், சில இடங்களில் வெண்ணெயும் போட்டுக் குடிக்கிறார்கள். வளைகுடாவில் வேலை செய்த மாமா, சித்தப்பா யாராவது வீட்டில் இருந்தால் ஏலக்காய் போட்ட கஹ்வாவைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய சுவீடன், நோர்வே நாட்டவர்கள் தேவாலய விருந்துகளில் கோப்பித்தூளை முட்டையோடு குழைத்துக் கொதிக்க வைப்பார்கள். முட்டையின் புரதம் கசப்பையும் மண்டியையும் பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும், தெளிந்த கோப்பி வரும். தமிழ்நாட்டின் சிக்கரிக் கலவையை விளக்கத் தேவையில்லை.

இவர்கள் எல்லாருக்கும் நாக்கு இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவிருக்கு?

'ஒன்றும் போடக்கூடாது' என்ற விதிதான் புதிது. 'ஸ்பெஷல்ட்டி கோப்பி' என்ற சொல்லையே 1974 இல்தான் எர்னா நட்சன் என்ற கோப்பி வியாபாரி ஒரு வர்த்தகச் சஞ்சிகையில் பயன்படுத்தினார். நூற்றுக்கு 80 புள்ளிக்கு மேல் எடுத்த கொட்டைக்கு இப்போது அந்தப் பெயர். அந்த ஆட்களின் வாயில் 'அசிடிட்டி' என்பது குற்றச்சாட்டு இல்லை, பாராட்டு. தோடம்பழம், பெரி மாதிரியான ஒரு துடிப்பான புளிப்பைத்தான் அவர்கள் காசு கொடுத்துத் தேடுகிறார்கள். அவர்களோடு நியாயமாகப் பேசுவதென்றால், அந்தக் கோப்பைக்கு அவர்கள் சொல்வது சரி. பக்குவமாகப் பறித்து, பக்குவமாகக் காயவைத்து, இளசாக வறுத்த அரபிக்காவுக்குள் சோடா போட்டால் எதற்குக் காசு கொடுத்தோமோ அதையே கொன்றுவிடுகிறோம். அப்பிடியான கோப்பி கிடைத்தால் நாங்களும் சும்மாதான் குடிப்போம். எங்கட சண்டை, அந்தக் கொட்டைக்கான விதியை இந்தத் தூளுக்கும் போட்டு, இந்தத் தூளைக் குடிப்பவரை வெட்கப்பட வைப்பதோடுதான்.

சாமான் போடுவதற்கு முதல் ஊத்துகிற முறையைத் திருத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கட ஊர் வழக்கம் தூளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க விடுவது. பிறகு ஆறினால் திரும்பச் சூடாக்குவது. தூளிலிருந்து முதலில் இறங்குவது அமிலங்கள், பிறகு இனிப்பான பொருட்கள், கடைசியில்தான் கசப்பு. ஆகவே நேரம் கூடக்கூடக் கசப்பைத்தான் வடித்துக்கொண்டிருக்கிறோம். தண்ணி கொதித்ததும் அடுப்பை நிறுத்தி, அரை நிமிசம் விட்டு, தூளைப் போட்டு, மூடி, நாலு நிமிசத்தில் வடித்துவிடுங்கள். வடித்த பிறகு மண்டியை விட்டு வைக்கக்கூடாது. கோப்பி புளித்தால் இதற்கு மறுதலை: போதுமான அளவு இறங்கவில்லை என்று அர்த்தம், இன்னும் ஒரு நிமிசம் விடுங்கள். இரவே தூளைப் பச்சைத்தண்ணியில் ஊறப்போட்டு, 12 மணித்தியாலம் கழித்து வடிக்கிற முறையும் உண்டு. அதில் அமிலமே இல்லை என்று சொல்லப்படுவது சரியில்லை. 2018 இல் வெளிவந்த ஒரு ஆய்வின்படி, ஊறவைத்த கோப்பியின் பீஎச்சும் சூடான கோப்பியின் பீஎச்சும் கிட்டத்தட்ட ஒன்றுதான்; மொத்த அமிலத்தின் அளவுதான் சூடானதில் கூட. குடிக்க மென்மையாக இருக்கும் என்பது மட்டும் உண்மை.

இனி வயிறு. இதை எழுதத் தொடங்கியதன் முக்கிய காரணமே இதுதான், ஏனென்றால் இது சுவை விசயம் இல்லை. சோதனைக் காலத்தில் போடிங்குகளில் நடக்கிறது எல்லாருக்கும் தெரியும். இரவு முழுக்கக் கோப்பி, காலைச் சாப்பாடு இல்லை. சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிக்கக் கோப்பி குடிக்கிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். நெஞ்செரிவு வந்ததும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு உப்போ சோடாவோ போட்டுக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள்.

சரியாகாது. பீஎச்சில் ஒவ்வொரு அலகும் பத்து மடங்கு. வயிற்றின் அமிலம் பீஎச் 2 அளவில், கோப்பி 5 அளவில் என்றால், வயிற்றுக்குள் ஏற்கெனவே இருப்பது கோப்பியைவிட ஆயிரம் மடங்கு கடும் அமிலம். கோப்பையின் புளிப்பைக் கழிப்பது வயிற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. கோப்பி வயிற்றில் செய்கிற வேலை வேறு: அது வயிற்றை இன்னும் அமிலம் சுரக்கத் தூண்டுகிறது. கஃபீன் எடுத்த கோப்பியும் அப்பிடித் தூண்டும். உப்பு நாக்கை ஏய்க்கலாம், வயிற்றை ஏய்க்காது. சொல்லப்போனால் கசப்பு என்பது இதுவரை ஒரு தடையாக இருந்தது. கசப்பை எடுத்துவிட்டால் நாலாவது கோப்பை இலேசாக இறங்கும். வெறும் வயிற்றில் அது நல்லதில்லை. பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய கோப்பைக்குள் உப்பையும் சோடாவையும் கொண்டுபோகவே வேண்டாம், இரண்டும் சோடியம்தான். நெஞ்செரிவு அடிக்கடி வந்தால் கோப்பியைக் குறைத்து, இரண்டு பணிஸாவது சாப்பிட்டு, கம்பஸ் வைத்தியரிடம் போங்கள். மல்லிக்கோப்பிக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன நன்மை உண்டு, அதில் கோப்பியே குறைவு என்பதால்.

கடைசியாக ஒரு கோரிக்கை, தூள் விற்பவர்களிடம். மல்லி கலந்த கோப்பியை மல்லிக்கோப்பி என்று விற்பதில் எங்களுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை என்பதை இவ்வளவு நேரமும் எழுதியிருக்கிறோம். ஆனால் எவ்வளவு மல்லி, எந்த இனக் கொட்டை, எப்போது வறுத்தது என்ற மூன்றும் தெரிந்தால்தான் வாங்குகிறவர் தன் கோப்பைக்கு என்ன தேவை என்று முடிவெடுக்கலாம். இதை எழுதும்போது பக்கத்துக் கடைகளில் மூன்று வகைப் பைக்கற்றுகளை வாங்கித் திருப்பிப் பார்த்தோம். காலாவதித் திகதி மூன்றிலும் இருந்தது. வறுத்த திகதி ஒன்றிலும் இல்லை. ரொபஸ்ராவா அரபிக்காவா என்பதும் இல்லை. ஒன்றில் 'தூய' என்ற சொல் மட்டும் நாலு இடத்தில் இருந்தது.

அதனால் இப்போதைக்கு நாங்கள் நாலு பேரும் மாதம் ஒருக்கால் காசு சேர்த்து, அரைக்கிலோ கொட்டை வாங்கி, திருநெல்வேலிப் பக்கம் ஒரு மில்லில் கண்ணுக்கு முன்னால் வறுத்து அரைப்பிக்கிறோம். "கறுக்க வறுக்கவேண்டாம் அண்ணை, மண்ணிறத்தில நிப்பாட்டுங்கோ" என்று ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டியிருக்கு. மல்லி அம்மம்மாவின் அளவுக்குத்தான் போடுகிறோம். உப்புத்தண்ணிப் போத்தல் அடுப்படியில் நிற்கிறது, இந்த மாதத் தூளுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை.